கன்று ஈனும் முன் கால்சியம் டானிக் வேண்டாம்!

மூன்றாவது ஈற்று. நல்ல கறவை. ராத்திரி சிரமமில்லாமல் கன்று போட்டு, நஞ்சுக்கொடி விழுந்து, சீம்பாலும் கறந்தாயிற்று. விடிந்து பார்த்தால் மாடு படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் சாய்த்துக் கிடக்கிறது. மூக்கு காய்ந்திருக்கிறது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. சாணி, சிறுநீர் எதுவும் இல்லை.

இதுதான் பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்புச் சூடு குறைந்துதான் இருக்கும். பெரும்பாலும் கன்று ஈன்ற மூன்று நாள்களுக்குள் வரும். கவனிக்காமல் விட்டால் மாடு பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு உப்பி, நினைவிழந்து, சில மணி நேரத்திலேயே இறந்துவிடலாம். ஒரே ஒரு கறவை மாட்டை வைத்துக் கடனையும் வீட்டுச் செலவையும் சமாளிக்கும் குடும்பத்துக்கு இது ஒரே ராத்திரியில் விழும் இடி.

ரத்தத்தில் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, சட்டென்று குறைவதுதான் காரணம். அதைத் தெரிந்துகொண்ட பலர், மாடு சினையாக இருக்கும்போதே கால்சியம் டானிக் ஊற்றுகிறார்கள். தொட்டித் தண்ணீரில் சுண்ணாம்புத் தெளிநீர் கலக்கிறார்கள். அகத்தி, வேலிமசால் என்று தேடித்தேடிப் போடுகிறார்கள். அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால், கன்று ஈனும் முன் கடைசி மூன்று வாரங்களில் அதைச் செய்தால் பலன் தலைகீழாகிவிடும்.

தூங்கிப்போகும் சுரப்பி

ஒரு மாட்டின் ரத்தத்தில் ஓடும் கால்சியம் மொத்தமே சுமார் 3 கிராம்தான். ஒரு லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. பத்து லிட்டர் சுரந்தால் 20 கிராம் மடி வழியாகப் போய்விடும். அந்த நேரத்தில் மாடு சரியாகத் தீனியும் எடுக்காது. பிறகு எங்கிருந்து ஈடுகட்டுவது? எலும்பிலிருந்துதான். ஒரு மாட்டின் எலும்புக்கூட்டில் கிலோ கணக்கில் கால்சியம் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி, கழுத்துப் பகுதியில் உள்ள பாராதைராய்டு என்ற சிறு சுரப்பிகளின் ஹார்மோன்.

ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் குறைந்ததும் இந்த ஹார்மோன் சுரக்கும். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் சொல்லும். சிறுநீரில் வீணாவதைத் தடுக்கும். சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும். அப்படி மாறிய வைட்டமின் டி-தான் தீவனத்தில் இருக்கும் கால்சியத்தைக் குடல் உறிஞ்ச உதவுகிறது. வெயிலில் நிற்கும் மாட்டுக்கு வைட்டமின் டி தோலிலேயே உண்டாகிவிடும். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? பஞ்சம் அந்த மாற்றும் வேலையில்தான்.

பால் வற்றிய காலத்தில் மாட்டுக்குக் கால்சியம் தேவை குறைவு. அப்போது தினமும் கொட்டிக் கொடுத்தால் சுரப்பிக்கு வேலையே இல்லை. கன்று பிறந்த ராத்திரி திடீரென்று தேவை பல மடங்கு ஏறும்போது, எலும்பும் குடலும் முழு வேகத்துக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகிவிடுகிறது. மாடு விழுவது அந்த இடைவெளியில்தான். வயதான மாடுகளில் எலும்பும் குடலும் இன்னும் மெதுவாகவே இசைந்து கொடுக்கும். அதனால்தான் தலையீற்றுக் கிடாரிகளில் இந்த நோய் அரிது. மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு, அதிலும் ஜெர்சி கலப்பினங்களில் அதிகம்.

தவிடும் சாணித் தண்ணீரும்

கால்சியத்தை மட்டும் பார்த்தால் போதாது. அரிசித் தவிட்டில் கால்சியத்தைவிட மணிச்சத்து பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. கோதுமைத் தவிடும் கிட்டத்தட்ட அப்படியே. சினைமாட்டுக்கு நாளொன்றுக்கு 80 கிராமுக்கு மேல் மணிச்சத்து போனால், சிறுநீரகத்தில் வைட்டமின் டி மாறும் வேலை தடைபடும். ஐந்து கிலோ தவிடு போட்டாலே அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுவோம். அதற்காகத் தவிட்டை அடியோடு நிறுத்தவும் கூடாது. வெறும் வைக்கோலில் நிற்கும் மாட்டுக்கும், முக்கியமாக எருமைக்கும், மணிச்சத்துப் பற்றாக்குறையால் கன்று ஈன்ற சில வாரங்களில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும் வேறொரு நோய் வரலாம்.

அடுத்தது மெக்னீசியம். இது குறைந்தால் அந்த ஹார்மோன் சரியாகச் சுரக்காது. சுரந்தாலும் எலும்பும் சிறுநீரகமும் அதன் பேச்சைக் கேட்காது. கால்சியத்தைப்போல எலும்பிலிருந்து அவசரத்துக்கு எடுக்கவும் முடியாது. அன்றன்றைக்குத் தீவனத்தில் வந்தாக வேண்டும்.

இதைக் கெடுப்பது சாம்பல் சத்து. தொழுவம் கழுவிய தண்ணீரைப் பாய்ச்சி, கருகருவென்று வளர்ந்த கோ-4 புல்லைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அந்தத் தண்ணீரில் இருக்கும் சாம்பல் சத்து புல்லில் ஏறிவிடுகிறது. அது மெக்னீசியம் உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. ரத்தத்தைக் காரத்தன்மைக்குத் தள்ளி, ஹார்மோனின் வேலையையும் மந்தமாக்குகிறது. கறவை மாட்டுக்கு அந்தப் புல் நல்ல தீவனம். நிறைசினை மாட்டுக்கு அதைக் குறைத்து, கழிவுநீர் பாயாத வயலில் விளைந்த சோளத்தட்டு, மக்காச்சோளத்தட்டு கொடுப்பதே நல்லது.

கடைசி மூன்று வாரம்

ஆக, இந்த நாள்களில் கால்சியம் டானிக், சுண்ணாம்புத் தெளிநீர், அகத்தி, குதிரைமசால், வேலிமசால் வேண்டாம். தவிட்டைத் தனியாக அள்ளிப் போடாமல், அளவோடு அடர்தீவனத்தில் சேர்க்கலாம். தாது உப்புக் கலவையை எவ்வளவு கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ரத்தத்தின் காரத்தன்மையைக் குறைத்து ஹார்மோனை வேலை செய்யவைக்கும் உப்புக் கலவைகளும் இருக்கின்றன. சென்ற ஈற்றில் விழுந்த மாட்டுக்கு அவர் அவற்றையோ, வைட்டமின் டி ஊசியையோ பரிந்துரைக்கலாம். அந்த ஊசியைக் கடையில் வாங்கி நாமே போடுவது ஆபத்து. அளவு மீறினால் இதயத்திலும் ரத்தக்குழாயிலும் சுண்ணாம்பு படியும்.

கன்று ஈன்றதும் கணக்கு மாறிவிடும். நன்றாக நிற்கிற, விழுங்குகிற மாட்டுக்கு அன்றைக்கே வாய்வழிக் கால்சியம் தொடங்கலாம். நிறுத்திவைத்த தழைத்தீவனங்களையும் படிப்படியாகத் திரும்பச் சேர்க்கலாம்.

விழுந்துவிட்டால்

பின்னங்கால் தடுமாற்றம், உடல் நடுக்கம் தெரிந்ததுமே மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸையும் கூப்பிடலாம். அவர் வரும்வரை மாட்டை நெஞ்சில் ஊன்றி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுக்க வேண்டும். வாயில் கஞ்சியோ, தண்ணீரோ, மருந்தோ எதையும் ஊற்றக் கூடாது. விழுங்கும் சக்தி இல்லாத மாட்டுக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். பால் காய்ச்சலில் பிழைத்து, இதனால் செத்த மாடுகள் உண்டு.

மருத்துவர் நரம்பில் கால்சியம் மருந்தை மெதுவாகத்தான் ஏற்றுவார். பாட்டில் சீக்கிரம் இறங்கட்டும் என்று அவசரப்படுத்தக் கூடாது. வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும்.

ஒரு காலத்தில் மடியில் காற்றடித்தே இந்த நோயைக் குணப்படுத்தினார்கள். 1897-ல் டென்மார்க் கால்நடை மருத்துவர் ஷ்மித், மடியில் விஷம் இருப்பதாக நினைத்து மருந்து செலுத்தினார். அதிலிருந்துதான் காற்றடிப்பு வந்தது. மடி நிறைந்ததால் பால் சுரப்பு குறைந்து, கால்சியம் போவது நின்றது என்பது பின்னால் புரிந்தது. இன்று காற்றடிக்கத் தேவையில்லை. எழுந்த மாட்டை முதல் இரண்டு நாள் ஒட்டக் கறக்காமல், கன்றுக்கு வேண்டிய சீம்பாலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மடியிலேயே விட்டால் போதும். எழுந்த மாடு மறுநாள் திரும்ப விழுவதும் உண்டு. இரண்டு ராத்திரிக்கு யாராவது தொழுவத்தில் எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.