அணைக்குக் கீழே டிரவுட்

டிரவுட் குளிர்நீர் மீன். நீலகிரியில் அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்திலேயே பொரிப்பகம் அமைத்து வளர்க்கப்பட்டதும் இந்த வகைதான். ஆற்றுநீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது அது சுறுசுறுப்பாக இரை தேடும். 20 டிகிரியைத் தாண்டினால் திணறும். 25 டிகிரியை நெருங்கினால் பிழைப்பதே கடினம். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறைகிறது, மீனுக்கோ அப்போதுதான் ஆக்ஸிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கோடையில் வெயில் 35 டிகிரியைத் தொடும் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் டிரவுட் வாழ்வதற்குக் காரணம் அணைகள். ஒயிட் ஆற்றின் குறுக்கே புல் ஷோல்ஸ் அணை 1951-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணை தேக்கிய ஏரியில் வெயில்பட்ட நீர் லேசாகி மேலே நிற்கும்; குளிர்காலத்து நீர் கனத்து அடியில் கிடக்கும். கோடை முழுக்க இரண்டும் கலப்பதில்லை. மின்நிலையக் குழாய்கள் அந்த ஆழத்து நீரை இழுத்து ஆற்றில் விடுவதால், ஆகஸ்டிலும் அணையடியில் தண்ணீர் கால் விறைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். இதற்கு ஆறு கொடுத்த விலையும் உண்டு: வெதுவெதுப்பான நீரில் பழகிய நாட்டு மீன்கள் அங்கே ஒதுங்கிப்போயின. அந்த இழப்பை ஈடுகட்டவே 1957-இல் நார்ஃபோர்க்கில் அரசு டிரவுட் பொரிப்பகம் ஒன்றைத் தொடங்கியது. ஒயிட் ஆற்றின் துணையாறான லிட்டில் ரெட்டில், இன்னோர் அணைக்குக் கீழே, 1992-இல் 18 கிலோவுக்கு மேற்பட்ட பழுப்பு டிரவுட் ஒன்று பிடிபட்டது. அன்றைக்கு அது உலக சாதனை.

இங்கே மீன் பிடிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது மின்நிலையத்தை. வெயில் ஏற ஏற வீடுகளில் ஏசி ஓடும், மின்தேவை கூடும், டர்பைன்கள் சுழலத் தொடங்கும். முழங்காலளவு ஓடிய ஆறு சிறிது நேரத்தில் ஆள் உயரத்துக்கு வந்துவிடும். அணையடியில் சங்கு ஒலிக்கும். பல மைல் கீழே நிற்பவருக்கு அது கேட்காது. அவருக்குக் கரையோரக் கல்தான் அடையாளம். காலையில் வெளியே தெரிந்த கல் நனையத் தொடங்கினால் உடனே கரையேறிவிட வேண்டும்.

தூண்டில் முறையும் நம் ஊர்த் தூண்டிலைப் போன்றதல்ல. மண்புழுவும் இல்லை, ஈயக்குண்டின் எடையும் இல்லை. சிறு முள்ளில் இறகும் நூலும் ரோமமும் சுற்றிப் பூச்சி போலச் செய்த 'ஈ'தான் இரை. அதற்கு எடையே கிடையாது என்பதால் வீச்சுக்கு வேண்டிய எடையைத் தடித்த கயிறே தருகிறது. ஒன்பது அடிக் கோலைப் பின்னால் சுண்டினால் கயிறு தலைக்கு மேலாகப் பறந்து முதுகுப்பக்கம் நீளும். அது முழுதும் விரியும்வரை ஒரு கணம் பொறுத்து முன்னே சுண்ட வேண்டும். அவசரப்பட்டால் கயிறு தோளில் வந்து விழும். கயிற்றின் நுனியில் உள்ள மெல்லிய நரம்பு கடைசியாக நீண்டு, ஈயை ஓசையின்றி நீரில் இறக்கும். அணையடி நீரில் டிரவுட்டின் தீனி பெரும்பாலும் அரிசியளவுப் பூச்சிப் புழுக்களும் பாசிக்குள் ஊரும் சிறு இறாலினங்களும் என்பதால், அங்கே கட்டும் ஈக்களும் அந்த அளவுதான்.

மீனைப் பிடித்துத் திரும்ப விடுபவர்கள் கோடையில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். போராடிக் களைத்த மீனுக்குச் சூடான காற்றில் ஒவ்வொரு நொடியும் கேடு. கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும். உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். நீருக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றுவது நல்லது. அணையை விட்டு விலக விலக ஆறு சூடேறும் என்பதால், சட்டைப்பையில் ஒரு வெப்பமானி இருப்பது அவசியம். மொன்டானா மாநிலத்தில் ஆற்றுநீர் தொடர்ந்து மூன்று நாள் 23 டிகிரியைத் தொட்டால் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிப்பார்கள். தடை இல்லாத ஆறானாலும், வெப்பமானி 20 டிகிரியைக் காட்டினால் கோலை மடக்கிவிடுங்கள்.