சுகர் வந்தால் பாலை நிறுத்தணுமா? நீல பாக்கெட் முதல் ஓட்ஸ் பால் வரை: எதை, எவ்வளவு குடிக்கலாம்?

'உங்களுக்கு சுகர் இருக்கு' என்று டாக்டர் சொன்ன மறுநாளே பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பால்தான். 'பால்லயே சர்க்கரை இருக்கு', 'கொழுப்பு எடுத்த பால்தான் குடிக்கணும்', 'நாட்டு மாட்டுப் பால்னா ஒண்ணும் பண்ணாது', 'பாதாம் பாலுக்கு மாறிடுங்க' என்று ஆளுக்கொரு யோசனை வரும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைகளில் காலை நேரத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே, 'சீனி கம்மியா ஒண்ணு', 'எனக்கு நாட்டுச்சர்க்கரை' என்று ஆர்டர்கள் காதில் விழும்.

இது சிலரின் பிரச்சினை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் சேர்ந்து நடத்தி, 2023-ல் வெளியான ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. நாடு முழுக்க இந்த அளவு 11.4 சதவீதம், அதாவது சுமார் 10.1 கோடி பேர்.

சரி, இவர்கள் பால் குடிக்கலாமா? குடித்தால் எந்தப் பால்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாலில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது?

பாலில் இயற்கையாகவே லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி குடித்தால் சுமார் 10 கிராம். ஆனால் இது சீனியைப் போல ரத்தத்தில் சட்டென்று ஏறுவதில்லை. லாக்டோஸில் பாதி குளுக்கோஸ், மீதி கேலக்டோஸ். கூடவே பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் செரிமானத்தை மெதுவாக்கும். அதனால்தான், ரத்த சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவுகளின் பட்டியலில் பால் வருகிறது.

2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இந்தியா உட்பட 21 நாடுகளில் சுமார் 1.47 லட்சம் பேரின் உணவுப் பழக்கத்தைப் பார்த்தது. தினமும் குறைந்தது இரண்டு முறை பால் பொருட்கள் எடுத்தவர்களுக்கு, புதிதாக சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 11 முதல் 12 சதவீதம் குறைவாக இருந்தது. பால்தான் அதற்குக் காரணம் என்று இந்த வகை ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏற்கெனவே சுகர் இருப்பவர்களுக்குப் பால் மருந்து என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் பாலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

பாக்கெட்டின் நிறம் என்ன சொல்கிறது?

பலரும் குழம்புவது இங்கேதான். பாக்கெட்டின் நிறம் மாறும்போது மாறுவது கொழுப்பு. லாக்டோஸ் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆவின் பாக்கெட்டுகளையே எடுத்துக்கொள்வோம்.

நீலம்: சமன்படுத்தப்பட்ட பால். கொழுப்பு 3 சதவீதம்.
ஊதா (டிலைட்): கொழுப்பு 3.5 சதவீதம்.
பச்சை: நிலைப்படுத்தப்பட்ட பால். கொழுப்பு 4.5 சதவீதம்.
ஆரஞ்சு: நிறை கொழுப்புப் பால். கொழுப்பு 6 சதவீதம்.

இவை தவிர, 1.5 சதவீதக் கொழுப்புள்ள 'டபுள் டோன்டு' பாலும், 0.5 சதவீதத்துக்கு மேல் போகாத கொழுப்பு நீக்கிய பாலும் உண்டு.

200 மில்லிக்குக் கணக்குப் போட்டால், ஆரஞ்சு பாக்கெட்டில் சுமார் 175 கலோரி, நீலத்தில் சுமார் 120 கலோரி. தினமும் இரண்டு டம்ளர் குடிப்பவர் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறினால் 110 கலோரி குறையும். உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள், கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்களுக்கு இது நல்ல மாற்றம்.

ஆனால் 'கொழுப்பு எடுத்த பால்தானே, சுகர் ஏறாது' என்று நினைத்து ஒரு டம்ளருக்குப் பதில் இரண்டு டம்ளர் குடித்தால், லாக்டோஸும் இரண்டு மடங்காகிவிடும். தனியார் நிறுவனங்களின் பாக்கெட் நிறங்கள் வேறு மாதிரி இருக்கும். அதனால் நிறத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க. பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் கொழுப்பு சதவீதத்தைப் படிங்க.

கறந்த பால் வாங்குபவர்கள் என்ன செய்வது?

நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் பக்கத்து ஊர்களில் இன்னும் பல வீடுகளுக்குப் பால்காரரிடமிருந்தோ பக்கத்து வீட்டு மாட்டிலிருந்தோதான் பால் வருகிறது. அதில் லேபிள் கிடையாது. எருமைப் பாலில் கொழுப்பு 6 முதல் 7 சதவீதம் வரை இருக்கும். பசும்பாலில் பொதுவாக 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

கொழுப்பைக் குறைக்க ஒரு எளிய வழி, பாலைக் காய்ச்சி ஆறவைத்து மேலே படியும் ஆடையை எடுத்துவிடுவது. இதில் கொழுப்பில் ஒரு பகுதி போகும். சர்க்கரை அப்படியே இருக்கும். தண்ணீர் ஊற்றிப் பெருக்கினால் சர்க்கரையோடு புரதமும் கால்சியமும் சேர்ந்தே குறைந்துவிடும்.

'ஏ2 பால் நல்லதாமே?'

ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசீன் என்ற புரதத்தின் இரண்டு வகைகள். நாட்டு மாட்டுப் பாலில் பெரும்பாலும் ஏ2 வகை இருக்கும். ஆனால் லாக்டோஸ் அளவு அதேதான். ஏ2 பால் குடித்தால் சுகர் கட்டுக்குள் வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2024 ஆகஸ்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஏ1, ஏ2 என்று பாக்கெட்டில் போடுவதை நீக்கச் சொல்லி அறிவுறுத்தியது. சில நாட்களிலேயே, கூடுதல் ஆலோசனை தேவை என்று சொல்லி அந்த அறிவுறுத்தலைத் திரும்பப் பெற்றது. நாட்டு மாட்டுப் பாலின் ருசி பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். சுகர் குறையும் என்று நம்பி இரண்டு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை.

நிஜமான சர்க்கரை எங்கே இருக்கிறது?

டீக்கடை கிளாஸ் ஒன்றில் சுமார் 100 மில்லி டீ என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி பால் என்றால், பாலிலிருந்து வரும் லாக்டோஸ் 2.5 கிராம். மாஸ்டர் போடும் இரண்டு ஸ்பூன் சீனியில் 8 முதல் 10 கிராம் சர்க்கரை. அதாவது பாலில் இருப்பதைப் போல மூன்று, நான்கு மடங்கு.

ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பவருக்குச் சீனியிலிருந்து மட்டும் 40 முதல் 50 கிராம் போகிறது. இப்படிச் சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் சுகர் இல்லாத ஆரோக்கியமான பெரியவர்களுக்கு! இந்த ஐந்து டீயில் பாலை நிறுத்தினால் மிச்சமாவது 12 கிராம்தான். சீனியை நிறுத்தினால் 40 கிராமுக்கு மேல்.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். ரத்தத்தில் ஏறும்போது இவற்றுக்கும் சீனிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களையும் கவனிக்கணும். இவற்றில் பலவற்றில் சர்க்கரை முக்கியமான பொருள். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு பிரிவே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்பதால், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தப் பெயரில் விற்க வேண்டாம் என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது. பாட்டில்களில் வரும் பாதாம் பால், ரோஸ் மில்க், ஜிகர்தண்டா எல்லாமே இனிப்புப் பண்டங்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சோயா, பாதாம், ஓட்ஸ்: எது தேறும்?

சூப்பர் மார்க்கெட்டுகளில் இப்போது தாவரப் பால் வகைகளும் கிடைக்கின்றன. 2021-லிருந்து இவற்றின் பாக்கெட்டில் 'மில்க்' என்று போடுவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டுப்பாடு வைத்திருப்பதால், 'டிரிங்க்' அல்லது 'பெவரேஜ்' என்ற பெயரில் இருக்கும். கீழே உள்ளவை 200 மில்லிக்கான தோராய அளவுகள்.

சோயா (இனிப்பு சேர்க்காதது): புரதம் 6 முதல் 7 கிராம், மாவுச்சத்து 5 கிராமுக்குள். மாட்டுப் பாலுக்கு நெருக்கமான மாற்று இதுதான்.

பாதாம் (இனிப்பு சேர்க்காதது): மாவுச்சத்து மிகக் குறைவு. ஆனால் புரதமும் 1 கிராம் அளவுதான். பெரும்பகுதி தண்ணீர். சுகரை ஏற்றாது, பசியும் அடங்காது.

ஓட்ஸ்: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தயாரிப்பின்போது ஓட்ஸில் உள்ள மாவுச்சத்து நொதிகளால் உடைக்கப்பட்டு மால்டோஸ் என்ற சர்க்கரையாகிறது. மொத்த மாவுச்சத்து 10 முதல் 15 கிராம். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்டிருந்தாலும், மாட்டுப் பாலைவிட வேகமாக சுகரை ஏற்றலாம்.

அரிசிப் பால்: சர்க்கரை நோயாளிகள் தவிர்ப்பதே நல்லது.

தேங்காய்ப் பால்: வீட்டில் பிழியும் கெட்டிப் பாலில் மாவுச்சத்து குறைவு, நிறைவுற்ற கொழுப்பு மிக அதிகம். ஆப்பத்துக்கு எப்போதாவது கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். தினசரிப் பாலுக்கு மாற்று இல்லை.

வீட்டிலேயே சோயா பால் எடுப்பவர்கள் அதை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன.

நம்ம ஊர் பருத்திப்பாலை மறந்துவிட முடியுமா? மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தின் சொந்தத் தாவரப் பால் அது. பருத்திக்கொட்டைப் பாலோடு அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய் எல்லாம் சேரும். சுகரை ஏற்றுவது பருத்திக்கொட்டை இல்லை, அரிசி மாவும் கருப்பட்டியும்தான். வீட்டில் செய்தால் இரண்டையும் குறைத்து, அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாலை நிறுத்தும் முன் யோசிக்க வேண்டிய விஷயம்

சர்க்கரை நோய்க்கு அதிகம் தரப்படும் மாத்திரை மெட்ஃபார்மின். பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிடும்போது உடலில் வைட்டமின் பி12 குறைய வாய்ப்புண்டு. அசைவம் சாப்பிடாதவர்களுக்கு பி12 கிடைக்கும் முக்கிய வழியே பால், தயிர், மோர்தான். 200 மில்லி பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் பி12 இருக்கிறது. வீட்டில் எடுக்கும் சோயா பாலிலும் பாதாம் பாலிலும் அறவே கிடையாது. கடையில் வாங்குவதிலும் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு.

ஆக, மெட்ஃபார்மின் சாப்பிடும் ஒரு சைவர், சுகருக்குப் பயந்து பாலையும் நிறுத்தினால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், எரியும், ஊசி குத்துவதுபோல இருக்கும், சோர்வு வரும். சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டாலும் இதே அறிகுறிகள்தான். அதனால் 'சுகர் இருந்தா கால் எரியத்தான் செய்யும்' என்று விட்டுவிடுகிறோம். கவனிக்காமல் விட்டால் நரம்பு பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரை அல்லது ஊசியில் சரிசெய்யலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சுகர் மாத்திரை இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க. நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், 'எனக்கு பி12 டெஸ்ட் தேவையா?' என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எவ்வளவு குடிக்கலாம்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 மில்லி பால் அல்லது தயிர் என்கிறது. இது பொதுவான அளவு. சுகர் உள்ளவர்கள் இதற்குள், டீ, காபி, தயிர் எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிடுவது நல்லது. ஒரே நேரத்தில் குடிக்காமல் பிரித்துக்கொள்ளலாம்.

மதியத்துக்கு மோர் அருமையான தேர்வு. 50 மில்லி தயிரில் ஒரு டம்ளர் மோர் கடைந்தால் மாவுச்சத்து 2 முதல் 3 கிராம்தான். பிரஷர் இருந்தால் உப்பை மட்டும் குறைச்சுக்குங்க.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஒரு நாள், பால் குடிப்பதற்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் சுகர் பாருங்கள். இன்னொரு நாள், அதே நேரத்தில், அதே அளவு வேறு பாலை வைத்துப் பாருங்கள். உங்கள் உடலுக்கு எது ஒத்துவருகிறது என்பதற்கு ஒரு குறிப்பு கிடைக்கும்.

இவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்கணும்

சிறுநீரக பாதிப்பு உள்ளவர்கள்: பாலில் உள்ள புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கலாம். அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள்: பாலும் சோயாவும் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை போட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே டீயோ காபியோ குடியுங்கள்.

பால் குடித்தால் வயிறு உப்புபவர்கள்: லாக்டோஸ் செரிக்காமல் இருக்கலாம். தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். மெட்ஃபார்மினாலும் வயிற்றுக் கோளாறு வரும் என்பதால், எது காரணம் என்று தெரிந்துகொள்ளாமல் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்கள்: சுகர் 70-க்குக் கீழே இறங்கி மயக்கம் வருவதுபோல இருந்தால் பால் உதவாது, அது மெதுவாகத்தான் ஏறும். அந்த நேரத்தில் மூன்று ஸ்பூன் சீனியையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கணும்.

கடைக்குப் போகும் முன்

1. முதலில் டீ, காபியில் சீனியை நிறுத்துங்கள். முடியாவிட்டால் வாரம் அரை ஸ்பூனாகக் குறையுங்கள்.
2. எடையோ கொலஸ்ட்ராலோ கூடுதலாக இருந்தால் 3 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ கொழுப்புள்ள பால் வாங்குங்கள்.
3. தாவரப் பால் வேண்டுமென்றால் இனிப்பு சேர்க்காத சோயா. கால்சியம், பி12 சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளில் பாருங்கள்.
4. லேபிளில் 'சர்க்கரை' என்ற வரியோடு நிறுத்தாமல், மொத்த கார்போஹைட்ரேட் அளவையும் படியுங்கள்.
5. பாலை முழுவதுமாக நிறுத்துவதாக இருந்தால், புரதத்துக்கும் பி12-க்கும் என்ன மாற்று என்பதை டாக்டரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.