பிளாஸ்டிக் அளவு மாதிரிகள்: கட்டும் முறையும் பூச்சு வேலையும்

அளவு மாதிரி என்பது விமானம், கப்பல், தொடர்வண்டி, கட்டடம் போன்ற உண்மைப் பொருள் ஒன்றை, அதன் எல்லா நீளங்களையும் ஒரே விகிதத்தில் சுருக்கி அமைக்கும் உருவம் ஆகும். பொம்மையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த விகிதம்தான். பொம்மை விமானத்தின் சக்கரம் பெரிதாகவும் இறக்கை குட்டையாகவும் இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை. அளவு மாதிரியில் அது பிழை. கடைகளில் ‘கிட்’ என்ற பெயரில் விற்கப்படும் பிளாஸ்டிக் பாகத் தொகுப்பைக் கொண்டு மாதிரி கட்டுவதையும், அதன் மேற்பரப்பை உண்மை போலத் தோன்றச் செய்யும் பூச்சு வேலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அளவு விகிதம்

விகிதத்தை 1/72, 1/48, 1/35 எனப் பின்னமாக எழுதுவர். 1/72 இல் மாதிரியின் ஓர் அங்குலம் உண்மைப் பொருளின் ஆறு அடியைக் குறிக்கும். 1/48 இல் கால் அங்குலம் ஓர் அடியைக் குறிக்கும். அடி, அங்குலக் கணக்கில் பழகிய நாடுகளில் தோன்றியதால்தான் இந்த எண்கள் 50, 100 என்று அமையவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய விமானமான ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கை விரிவு 11.23 மீட்டர். இதை 72 ஆல் வகுத்தால் 156 மில்லிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. நீளம் 72 இல் ஒரு பங்காகும்போது பரப்பு 5,184 இல் ஒரு பங்காகவும், கன அளவு 3,73,248 இல் ஒரு பங்காகவும் குறைகின்றன. அவ்விமானத்தின் தொடக்க வகை, எரிபொருளும் குண்டுகளும் ஏற்றிய நிலையில் சுமார் 2,700 கிலோ எடை கொண்டது. அந்த எடையைக் கன அளவுக் கணக்கில் சுருக்கினால் ஏறக்குறைய 7 கிராம்தான் வரும்.

ஆனால் எல்லாம் இப்படிச் சுருங்கிவிடுவதில்லை. தூசி, கைரேகை, பூச்சின் தடிப்பு, ஒளியின் பளபளப்பு ஆகியவை விகிதத்துக்குக் கட்டுப்படாதவை. மாதிரி கட்டுவோரின் உழைப்பில் பெரும்பகுதி இவற்றோடு நடக்கும் போராட்டமே. 1/72 மாதிரியில் வண்ணப்பூச்சு 0.1 மி.மீ. தடித்துவிட்டால், அது உண்மை விமானத்தில் 7.2 மி.மீ. தடிப்பில் வண்ணம் அப்பியதற்குச் சமம். தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடு 0.2 மி.மீ. அகலம் இருந்தால், உண்மையில் அது விரல் நுழையும் 14 மி.மீ. இடைவெளி. இறக்கையின் பின்விளிம்பு 0.5 மி.மீ. தடித்திருந்தால் 36 மி.மீ. தடித்த பலகை. மாதிரியில் காணும் எந்தக் குறையையும் 72 ஆல் பெருக்கிப் பார்த்தால், அதைச் சரிசெய்வதா விட்டுவிடுவதா என்று முடிவெடுப்பது எளிது.

பார்க்கும் தொலைவுக்கும் இதே கணக்குத்தான். 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கும் 1/72 மாதிரி, 21.6 மீட்டர் தள்ளி நிற்கும் விமானத்துக்கு ஒப்பானது. அத்தொலைவில் நிறங்கள் சற்று வெளுத்தும் பளபளப்புக் குறைந்தும் தெரியும். அதனால், உண்மை விமானத்துக்குப் பயன்படுத்திய அதே வண்ணத்தை அப்படியே பூசினால் மாதிரி இருண்டு தோன்றும் என்று கருதி, பலர் அதில் சிறிது வெள்ளை கலக்கின்றனர். எவ்வளவு கலப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இதற்கு வாய்ப்பாட்டைவிடக் கண்ணே நல்ல துணை.

சிறு வரலாறு

பிரிட்டனில் ‘ஃப்ராக்’ நிறுவனம் 1936 இல் ‘பெங்குவின்’ என்ற பெயரில் 1/72 பிளாஸ்டிக் விமானத் தொகுப்புகளை வெளியிட்டது. அவை செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனவை. காலப்போக்கில் அந்தப் பொருள் சுருங்கி வளைந்துவிடும். பின்னர் வந்த பாலிஸ்டைரீனில் இக்குறை இல்லை.

மாதிரியின் துல்லியம் உயிர் சார்ந்த செய்தியாக இருந்த காலமும் உண்டு. பகை விமானத்தையும் நட்பு விமானத்தையும் தோற்றத்தைக் கொண்டே பிரித்தறியத் தன் வீரர்களைப் பழக்குவதற்காக, 1/72 அளவில் ஐந்து லட்சம் மர மாதிரிகளைச் செய்து தருமாறு 1942 இல் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டின் பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. அவற்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசப்பட்டது. அங்கு வேண்டியது நிறமன்று, வெளிவடிவமே. 10 மீட்டர் தொலைவில் பிடித்த மாதிரி, 720 மீட்டர் தொலைவில் பறக்கும் விமானத்தின் அளவில் கண்ணுக்குத் தெரியும். மாணவர் இறக்கையின் வளைவைத் தவறாக இழைத்திருந்தால், அதைப் பார்த்துப் பழகிய வீரர் தம் பக்கத்து விமானத்தையே சுட்டுவிடக்கூடும்.

போருக்குப் பின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952 இல் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலையும், 1953 இல் ஸ்பிட்ஃபயரையும் மலிவு விலையில் வெளியிட, இக்கலை பிரித்தானியச் சிறுவர்களிடையே பரவியது. ஜப்பானில் ஷிஸுவோகா நகரம் இத்தொழிலின் மையமாக வளர்ந்தது. 1946 இல் மர வணிகமாகத் தொடங்கிய தாமியா நிறுவனம் மர மாதிரிகளுக்கு மாறி, 1960 இல் ‘யமாட்டோ’ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்தது. இன்று பீரங்கி வண்டிகளுக்குப் பொதுவாகிவிட்ட 1/35 என்ற அளவு திட்டமிட்டு வந்ததன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் செய்த ‘பான்தர்’ பீரங்கி வண்டிக்குள் மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கும் அளவில் உடற்பகுதியைச் செய்தபின் விகிதத்தைக் கணக்கிட்டபோது 1/35 வந்தது. மின்கலம் வகுத்த அளவே உலக வழக்காகிவிட்டது.

பாகங்களைத் தயார் செய்தல்

தொகுப்பின் பாகங்கள் ஊசிவார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. உருகிய பாலிஸ்டைரீன், இரு பாதிகளாக உள்ள எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தப்பட்டுக் குளிர்விக்கப்படுகிறது. இம்முறை பாகங்களின் மேல் மூன்று தடங்களை விட்டுச் செல்லும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்புக் கோடு இருக்கும். பாகத்தை அச்சிலிருந்து தள்ளிய ஊசிகள் வட்ட வடுக்களை ஏற்படுத்தும். தடித்த இடங்களில் பிளாஸ்டிக் குளிர்ந்து சுருங்கியதால் குழி விழுந்திருக்கும். துப்பாக்கிக் குழாயின் நெடுகிலும் ஓடும் வரம்புக் கோட்டை அகற்றாமல் விட்டால், பிறகு எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும் அது பிளாஸ்டிக் என்பது தெரிந்துவிடும்.

முதலில் பாகங்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய்ப் பசை மேலே தங்கியிருந்தால் வண்ணம் பிடிக்காது. பாகங்களைப் பிணைத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைக் கையால் முறுக்கிப் பிய்க்கக் கூடாது. முதல் வெட்டைப் பாகத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டு, மீதித் துண்டைக் கூரிய கத்தியால் சீவி, 400 இல் தொடங்கி 1000 வரை படிப்படியாக மென்மையாகும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். நீரில் நனைத்துத் தேய்க்கும் வகைத் தாள் நல்லது, தூசி பறக்காது. கத்தியின் அலகு மழுங்கியிருந்தால்தான் விரலுக்கு ஆபத்து அதிகம், ஏனெனில் கை அழுத்தம் கூடும்.

ஒட்டுதல்

பாலிஸ்டைரீனுக்கான பசை உண்மையில் பசையன்று. அது ஒரு கரைப்பான். இரு பரப்புகளையும் சிறிது கரைத்துக் கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். எஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். இது பற்றவைப்பைப் போன்றது. அதனால்தான் வண்ணம் பூசிய பரப்பின் மேல் இது வேலை செய்வதில்லை. ஒட்டும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டிவிட வேண்டும்.

நீர் போன்ற மெல்லிய வகைக் கரைப்பானைக் கையாளும் முறை வேறு. இரு பாகங்களையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கின் ஒரு முனையில் தூரிகையால் தொட்டால் போதும். நுண்புழை நுழைவினால் திரவம் இடுக்கு முழுவதும் தானே ஓடிவிடும். பிடித்திருக்கும் விரல் இடுக்கின் மேல் இருந்தால் திரவம் விரலுக்கடியிலும் ஓடி, கைரேகையை நிரந்தரமாகப் பதித்துவிடும். தொடக்க நிலையினர் அனைவருக்கும் ஒருமுறையேனும் நேர்வது இது.

விமானி அறையின் கண்ணாடிப் பாகத்துக்குக் கரைப்பானும் ஆகாது, சூப்பர் குளூ வகையும் ஆகாது. முன்னது கண்ணாடியைக் கரைக்கும். பின்னதன் ஆவி அதன் மேல் வெண்படலமாகப் படியும். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையே ஏற்றது. அது உலர்ந்ததும் தெளிவாகிவிடும். தவறினால் நீரில் கழுவிவிடலாம்.

மூக்குப் பகுதியில் சக்கரம் உள்ள விமானங்களில், உடலின் இரு பாதிகளையும் மூடுமுன் மூக்குக்குள் எடை வைக்க மறக்கக் கூடாது. மிதிவண்டிக் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகள் சில போதும். மறந்தால், முடிந்த மாதிரி வாலில் உட்கார்ந்துகொள்ளும்.

இடுக்கை மறைத்தல்

ஒட்டிய பின் குறைந்தது ஒருநாள் காத்திருப்பது நல்லது. மென்மையான பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் இடுக்கு பிறகு குழிந்துவிடும். இடைவெளி இருக்கும் இடத்தில் சுவருக்குப் பட்டி பார்ப்பது போலப் பட்டி வைத்துத் தேய்க்க வேண்டும். பட்டியும் உலரும்போது சுருங்குவதால், ஒரே தடவையில் அப்பாமல் இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகளாக வைப்பர். தேய்க்கும்போது அழிந்த தகட்டுக் கோடுகளை ஊசி முனையால் மீண்டும் கீற வேண்டும். எல்லாக் கோடுகளையும் அழிப்பதும் தவறு. உண்மை இயந்திரத்திலும் தகடுகள் சேரும் கோடுகள் உண்டு. எது இயந்திரத்தின் கோடு, எது அச்சின் கோடு என்பதை ஒளிப்படம் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

இந்நிலையில் சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பூச்சு அடித்தால், பளபளப்பான பிளாஸ்டிக்கில் ஒளிந்திருந்த கீறலும் குழியும் வெளிப்படும். பிரைமரின் முதற்பயன் வண்ணம் பிடிக்கச் செய்வது என்பர்; குறைகளைக் காட்டிக்கொடுப்பது அதற்கு இணையான பயன்.

வண்ணம் பூசுதல்

வண்ணங்கள் மூவகை. அக்ரிலிக் பெரும்பாலும் நீரில் கரைவது. எனாமல், டர்பன்டைன் போன்றவற்றில் கரையும். லாக்கர், வீரியமிக்க தின்னரில் கரையும். இதில் விதி ஒன்றுதான்: மேலே வரும் பூச்சின் கரைப்பான் கீழே உள்ள பூச்சைக் கரைக்கக் கூடாது. உலர்ந்த லாக்கரின் மேல் எனாமல் பூசலாம். எனாமலின் மேல் லாக்கர் பூசினால் அடிப்பூச்சு சுருண்டுவிடும். லாக்கர் தின்னர் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு. பள்ளி மாணவர்கள் அக்ரிலிக்கோடு நின்றுகொள்வது நல்லது. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் லாக்கருக்கு இன்னொரு தொல்லை உண்டு. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன் மேல் படிவதால், பூச்சு வெளுத்துப்போகும்.

ஏர்பிரஷ் எனும் காற்றுத் தூரிகை, வண்ணத்தை நுண்துளிகளாகத் தெளித்து மிக மெல்லிய படலத்தைத் தருகிறது. வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் கையை ஓடவிட்டுத் தெளிக்க வேண்டும். இக்கருவியின் விலை பலருக்கும் எட்டாதது. அது இல்லையென்றால் மாதிரி கட்டவே முடியாது என்ற எண்ணம் தவறானது. நல்ல தட்டைத் தூரிகையால், நீர்த்த வண்ணத்தை மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்த பின், முந்தையதற்குக் குறுக்காக இழுத்தால் தூரிகைத் தடம் தெரியாது. முதற்பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அதைக் கண்டு பொறுக்காமல் தடிப்பாக அப்புவதில்தான் மேலே சொன்ன 7.2 மி.மீ. கணக்கு வந்து சேர்கிறது.

ஒட்டுப்படங்கள்

அடையாளக் குறிகளும் எண்களும் நீரில் நனைத்து நழுவவிடும் ஒட்டுப்படங்களாக வருகின்றன. இவற்றை டெக்கால் என்பர். மங்கலான பூச்சு, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் கொண்டது. அதன் மேல் படத்தை ஒட்டினால் பள்ளங்களில் காற்று சிக்கி, வெள்ளி போல மினுங்கும். எனவே முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசி, அதன் மேல் படத்தை ஒட்டி, உலர்ந்ததும் எல்லாவற்றுக்கும் மேல் மங்கல் வார்னிஷ் பூசுவர். பளபளப்பாக்கிவிட்டு மங்கலாக்குவது வீண் வேலை போலத் தோன்றும். படத்தின் விளிம்பு மறைவதற்கு வேறு நல்ல வழியில்லை.

பழமை ஏற்றுதல்

பயன்பாட்டில் இருந்த இயந்திரத்தின் அழுக்கையும் தேய்மானத்தையும் காட்டுவதே பழமை ஏற்றுதல். மிக நீர்த்த கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைக் கோடுகளில் ஓடவிட்டு, மேலே பரவியதைத் துடைத்துவிட்டால் பள்ளங்களுக்கு நிழல் கிடைக்கும். மாறாக, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையில் வெளிர் நிறம் எடுத்து மேடுகளின் மேல் உரசினால் விளிம்புகள் துலங்கும். சின்னஞ்சிறு பொருளின் மேல் விழும் ஒளி, பெரிய பொருளில் ஏற்படுத்துவது போன்ற நிழலை ஏற்படுத்தாது. அதைத்தான் இவ்விரு முறைகளும் ஈடுசெய்கின்றன.

உரிந்த வண்ணத்தைக் காட்ட ஹேர் ஸ்ப்ரே உதவுகிறது. துரு நிறம் பூசி உலர்ந்த பின் ஹேர் ஸ்ப்ரே அடித்து, அதன் மேல் அக்ரிலிக் பூசுவர். பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் இடையிலுள்ள படலம் நீரில் கரைந்து, மேல் வண்ணம் இயல்பாக உரியும்.

இக்கட்டம் பலருக்கும் பிடித்தமானது. மிகையாகிப் போவதும் இங்கேதான். ஸ்பிட்ஃபயரின் தோல் அலுமினியக் கலவை. அதன் வண்ணம் உரிந்தால் வெள்ளி நிறம்தான் தெரியும், செந்துரு தெரியாது. போர்முனையில் சில வாரங்களே பறந்த விமானத்துக்கு இருபது ஆண்டு அழுக்கு ஏறியிருக்க வழியில்லை. எங்கே ஏறிக் கால் வைத்தார்கள், எங்கே எண்ணெய் கசிந்தது, புகைபோக்கியின் கரி எப்பக்கம் படிந்தது என்று கேட்டுக்கொண்டு அங்கே மட்டும் கை வைத்தால் போதும்.

முடிந்த மாதிரியை வெயில் படாத கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் ஒட்டுப்படங்கள் மஞ்சளாகும். படிந்த தூசியைத் துணியால் துடைக்காமல், அகன்ற மென்தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட வேண்டும். துணியின் நூலில் மாட்டி முதலில் ஒடிவது பெரும்பாலும் வானலைக் கம்பியாகத்தான் இருக்கும்.