மூளை ஸ்கேன் நம்ம மனசைப் படிச்சிடுமா? ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ உண்மையில் அளப்பது இதைத்தான்!

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறினா, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு தாண்டி அதே ஓசூர் ரோட்டில் வருவது நிமான்ஸ் மருத்துவமனை. வலிப்பு, மூளைக்கட்டி, மனநலப் பிரச்னைன்னு கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்தும் பலர் அங்கே போறாங்க. இந்த மாதிரி சிகிச்சைகளில் காதில் விழும் ஒரு பெயர், ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. 'நான் நினைக்கிறதெல்லாம் அதுல தெரிஞ்சிடுமோ?'ன்னு பயப்படுறீங்களா? வேண்டாம்.

அளப்பது ரத்தத்தை!

நம்ம உடல் எடையில் மூளை வெறும் 2 சதவிகிதம். ஆனா, சக்தியில் சுமார் 20 சதவிகிதத்தை அதுவே எடுத்துக்கும். ஒரு பகுதி சுறுசுறுப்பானா, அங்கே தேவைக்கும் அதிகமாவே ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் பாயும். ஆக்ஸிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் காந்தப்புலத்தில் வேற வேற மாதிரி நடந்துக்கும். அந்த வித்தியாசத்தை வெச்சு மூளையின் செயல்பாட்டைப் படமாக்கலாம்னு 1990-ல் காட்டியவர், ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா.

சிப்காட் கேட்டுக்கு வெளியே நின்னு, எந்த கம்பெனிக்குள்ள அதிக பஸ் போகுதுன்னு எண்ணுற மாதிரிதான் இது. எங்கே ஷிஃப்ட் மும்முரம்னு சொல்லிடலாம். உள்ளே யார் என்ன பேசுறாங்கன்னு சொல்ல முடியாது. அதுவும், ரத்த ஓட்டம் உச்சம் தொட 5, 6 விநாடி ஆகும். படத்தின் ஒரு சின்ன புள்ளிக்குள்ளேயே லட்சக்கணக்கான நரம்புசெல்கள் இருக்கும்.

செத்த மீனும் 'யோசிச்சது'!

படத்தில் தெரியும் சிவப்பு, மஞ்சள் எல்லாம் கணினி போடும் கணக்கு. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வெச்சு, அதுக்கு மனுஷங்க போட்டோ காட்டினாங்க. புள்ளியியல் திருத்தம் செய்யாத கணக்கில், மீன் மூளையும் 'வேலை செஞ்சது'!

கட்டாயப்படுத்த முடியுமா?

போலீஸ் விசாரணையில் பேசப்படும் 'பிரெய்ன் மேப்பிங்' வேற. அது தலையில் எலெக்ட்ரோடு பொருத்தி மின் அலைகளை அளப்பது. அதையும் நார்கோ, பொய் கண்டறியும் சோதனைகளையும் சம்மதமில்லாமல் யாருக்கும் செய்யக் கூடாதுன்னு, 2010 மே 5-ல் 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிச்சிருக்கு.

அப்போ எதுக்கு இந்த ஸ்கேன்?

அறுவை சிகிச்சைக்கு முன்னாடி, பேச்சுக்கும் கை அசைவுக்கும் காரணமான பகுதிகள் எங்கே இருக்குன்னு டாக்டர் தெரிஞ்சுக்க. உள்ளே படுத்ததும் விரலைத் தட்டுங்க, வார்த்தைகளை மனசுக்குள்ள சொல்லுங்கன்னு கேட்பாங்க. எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. பேஸ்மேக்கர், உடம்புக்குள் உலோகம் இருந்தா மறக்காம முன்கூட்டியே சொல்லிடுங்க. தலையை அசைக்காம இருந்தா போதும். உங்க ரகசியம் உங்ககிட்டயேதான் இருக்கும்!