பாம்புச் சட்டையை உற்றுப் பாருங்கள்

ராஜபாளையம் மாந்தோப்புகளில், வேலிக் கற்களின் இடுக்கில் பாம்புச் சட்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்த்தால் பயந்து ஓட வேண்டாம். பக்கத்தில் பாம்பு இல்லை என்று பெரியவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு, ஒரு குச்சியால் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

முதுகுப் பக்கம் சின்னச் சின்னச் செதில்கள் வரிசை வரிசையாக இருக்கும். வயிற்றுப் பக்கமோ அகலமான பட்டைகள் ஒரே வரிசையில் போகும். பாம்பு தரையைப் பற்றி ஊர்வது இந்தப் பட்டைகளால்தான். பெரும்பாலான பாம்புகளில் ஒரு பட்டைக்கு ஒரு முள்ளெலும்பு என்பது கணக்கு. பட்டைகளை எண்ணினால் வாலுக்கு முன்புவரை எத்தனை முள்ளெலும்பு என்று தெரிந்துவிடும்!

இப்போது தலைப்பகுதி. கண் இருந்த இடத்தில் ஓட்டை இருக்காது. வட்டமான, கண்ணாடி போன்ற ஒரு செதில் இருக்கும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைக் காப்பது அந்தச் செதில்தான். சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்பு அது மங்கிப் பால்நீலமாகிவிடும். பார்வை தெளிவில்லாததால் பாம்பு அப்போது பெரும்பாலும் மறைவிலேயே கிடக்கும். பிறகு உதட்டைக் கல்லில் தேய்த்துத் தோலைக் கிழித்து, காலுறையை உருவுவதுபோல உட்புறம் வெளியே வரும்படி கழற்றிவிட்டுப் போகும். ஓணானும் உடும்பும் துண்டு துண்டாகத்தான் உரிக்கும்.

அம்மா மீன் கழுவும்போது செதில்கள் தனித்தனியாக உதிர்கின்றன அல்லவா? பாம்பின் செதில் அப்படி உதிராது. அது தோலின் மேற்புறமே மடிந்து தடித்து உண்டானது. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் அதிலும் இருக்கிறது.

நம் விருதுநகர் மாவட்டம் வறண்ட பூமி. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. சித்திரை வெயிலில் தவளை ஈரம் தேடி ஒளிகிறது. ஓணானோ கருவேலங் கிளையில் தலையாட்டிக்கொண்டு இருக்கிறது. உடம்பு நீர் வற்றாமல் செதில்தான் காக்கிறது என்று நினைப்போம். 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள், செதிலே இல்லாமல் பிறந்த ஒரு பாம்பைச் சோதித்தார்கள். அதன் உடலிலிருந்தும் மற்றப் பாம்புகள் அளவுக்குத்தான் நீர் வெளியேறியது! நீரைக் காப்பது தோலுக்குள் இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம். எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது. எல்லாரும் நம்பியதைச் சோதித்துப் பார்த்தார்களே!

அப்படியானால் செதில் எதற்கு? முள்ளும் கல்லும் கீறாமல் காக்க. இன்னும் விசேஷமான வேலைகளும் உண்டு. புதர்க்காட்டில் வாழும் சுருட்டை விரியனின் விலாப்பக்கச் செதில்களில் ரம்பப் பல் போன்ற விளிம்பு இருக்கிறது. அது உடம்பைச் சுருட்டி ஒன்றோடொன்று உரசினால் ‘சர்ர்ர்’ என்று சத்தம் வரும். ‘கிட்டே வராதே’ என்று அர்த்தம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளுக்கு வால்நுனி சொரசொரப்பாக இருக்கும். அதில் மண் ஒட்டிக்கொண்டு, துரத்தி வருபவருக்கு வளையை அடைத்துவிடும்.

நட்சத்திர ஆமையின் ஓட்டில் தெரியும் மஞ்சள் கோடுகள் கெரட்டின் தகடுகளில் உள்ளவை. அதற்கு அடியில் இருப்பது எலும்பு. விலாவும் முதுகெலும்பும் அதோடு ஒட்டிப்போயிருக்கின்றன. ஓட்டை விட்டு ஆமை வெளியே வரவே முடியாது. உடம்பெல்லாம் செதிலாக இருக்கும் அழுங்கு மட்டும் ஊர்வன இல்லை, பால் கொடுக்கும் விலங்கு.

நம் மாவட்டத்து மேற்குத் தொடர்ச்சி மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். உடும்பைப் பிடிப்பதும், நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் யாரையும் கம்பு எடுக்க விடாதீர்கள். தள்ளி நின்று, தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பிடித்துக் காட்டில் விட்டுவிடுவார்கள்.