கடலுக்கடியில் ஒரு கண்ணாடி நார்

வளைகுடாவிலிருந்து வாப்பா எடுக்கும் வீடியோ அழைப்பு எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது? வகுப்பில் கேட்டால், "செய்மதி மூலம்" என்றே பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். பெற்றோர் பலரின் எண்ணமும் அதுதான். உண்மையில், நாடுகளுக்கிடையிலான இணையத் தரவில் மிகப் பெரும் பகுதி கடலுக்கடியில் கிடக்கும் ஒளியியல் நார்கள் வழியாகவே செல்கிறது. சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை சுமார் 20,000 கிலோமீற்றர் நீளும் 'சீ-மீ-வீ 5' கேபிள் எமது மாத்தறையில் கரையேறுகிறது. 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்கு அருகே செங்கடலில் கேபிள்கள் சேதமடைந்தபோது, ஆசியாவிலும் மத்திய கிழக்கிலும் பல நாடுகளில் இணையம் மந்தமானது.

இந்த நாரின் கண்ணாடி ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிப்புத்தான். ஒளி செல்லும் நடுப்பகுதியைச் சுற்றி, முறிவுச் சுட்டி சற்றுக் குறைந்த இன்னொரு கண்ணாடிப் படை உண்டு. இரண்டுக்கும் இடையிலான எல்லையில், அவதிக் கோணத்தை விடக் கூடிய கோணத்தில் படும் ஒளி வெளியேறாமல் உள்ளேயே தெறிக்கிறது. சாதாரண தரத்தில் பிள்ளைகள் பாடமாக்கும் முழு அகத்தெறிப்பு இதுதான். எமது குரலும் படமும் லேசர் ஒளித் துடிப்புகளாக மாறி, செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் இந்த நாருக்குள் ஓடுகின்றன.

வீட்டுக்கு வரும் பைபர் வயரை இறுக்கி மடித்தால் கோணம் மாறி ஒளி வெளியே கசிந்துவிடும்; இணைப்பும் போய்விடும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளி. ஆகவே அறுந்த நாரின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

தொலைத்தொடர்பு மட்டுமல்ல, இரைப்பைக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பி குழாய்க்குள் வெளிச்சத்தைக் கொண்டு செல்வதும் இத்தகைய நார்களே.

ஒளிமுறிவின் விதிக்கு ஈடான வடிவத்தை, ஸ்னெலுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னதாக, கி.பி. 984 அளவில் பக்தாதில் எழுதி வைத்தவர் இப்னு ஸஹ்ல். ஒளியியலை வளர்த்தவர் இப்னுல் ஹைதம். இப்பெயர்களை மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் 1966இல், கண்ணாடியைப் போதிய அளவு தூய்மையாக்கினால் ஒளியைத் தொலைதூரம் அனுப்பலாம் என்று காட்டி, 2009இல் நோபல் பரிசு பெற்றவர் ஷாங்ஹாயில் பிறந்த சார்ள்ஸ் காவோ. அறிவு யாருடைய பரம்பரைச் சொத்தும் அல்ல. உழைப்பவர் கைக்கே அது போகிறது.

ஆகவே, "பௌதிகவியல் கஷ்டம், வேறு பாடம் எடு" என்று பிள்ளையைத் திருப்புவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். தெளிவான பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பக்கத்தில் சிறு துளையிட்டு நீர் நிரப்புங்கள். அறையை இருட்டாக்கி, துளைக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து டோர்ச் அடியுங்கள். வளைந்து விழும் நீரில் கையை வைத்தால், உள்ளங்கையில் வெளிச்சம் தெரியும். காரணம் என்னவென்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்தே பாடம் தொடங்கட்டும்.