புது வீட்டுச் சுவரில் கீறல் ஏன்?

தை மாதம் பால் காய்ச்சிக் குடிபோன வீடு. அருப்புக்கோட்டைக்கு வெளியே புதிதாக எழுந்த தெரு. சுண்ணாம்பு வாசனைகூட இன்னும் போகவில்லை.

வைகாசி மாதத்தில் ஒரு நாள் காலை. வீட்டுக்காரி ஜன்னலைத் திறக்கப் போனாள். அப்படியே திகைத்து நின்றாள். ஜன்னல் மூலையில் இருந்து தரையை நோக்கிச் சாய்வாக ஒரு கீறல்!

"என்னங்க, இங்கே கொஞ்சம் வந்து பாருங்க!"

மதுரை பஸ்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவர் ஓடி வந்தார். அவர் முகம் வாடிவிட்டது. நகையை விற்று, வங்கியில் கடன் வாங்கிக் கட்டிய வீடு அல்லவா?

"வாசல் வைத்த இடம் சரியில்லை" என்றார் ஒருவர். "கொத்தனார் சிமெண்டைக் குறைத்துவிட்டார்" என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் சிரித்தாள். "பயப்படாதே தாயி! இது நம்ம கரிசல் செய்யிற வேலை!" என்றாள்.

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் கரிசல் மண்ணில் வீடு கட்டும் யாருக்கும் நேரக்கூடியது. பாட்டி சொன்னதில் உண்மை இருக்கிறது.

பழைய ஊர், புதிய தெரு

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர் போன ஊர். வீட்டுக்குள்ளேயே தறி இருந்த காலத்தில் வீடும் அதுதான், வேலை செய்யும் இடமும் அதுதான். பக்கத்துத் திருச்சுழியோ பழமையான கோயில் உள்ள ஊர். ரமண மகரிஷி 1879-ம் ஆண்டு பிறந்த வீடும் அங்கே இருக்கிறது.

இன்று காலம் மாறிவிட்டது. மதுரை சுமார் 50 கிலோமீட்டர் தூரம். விருதுநகர் அதைவிடப் பக்கம். காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போய், இரவு வீடு திரும்புவோர் பலர். 1960-களில் ஊருக்கு வந்த ரெயில் பாதை, 2013-ம் ஆண்டில் அகலப் பாதையாகவும் ஆகிவிட்டது. ஊரைச் சுற்றி வயல்களாகவும் பொட்டல்களாகவும் இருந்த நிலம் மனைகளாக மாறுகிறது. முன்பு பருத்தி வெடித்த இடத்தில் இப்போது சுவர் எழும்புகிறது!

உளுந்து போல உப்பும் மண்

உளுந்தை ஊறப்போட்டால் உப்புகிறது அல்லவா? கரிசல் மண்ணும் அப்படித்தான். அதில் உள்ள ஒருவகைக் களி, மழைத் தண்ணீரைக் குடித்து உப்புகிறது. கோடையில் காய்ந்து சுருங்குகிறது. அப்போதுதான் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. தண்ணீரைப் பிடித்து வைப்பதால் பருத்திக்கு அது நல்ல மண். ஆனால் சுவருக்குப் பொல்லாத மண்!

வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள மண்ணில் வெயில் படாது. அங்கே ஈரம் அதிகம் மாறுவதில்லை. சுற்றுச்சுவருக்குக் கீழே உள்ள மண்ணோ கோடையில் சுருங்கிச் சுவரை இறக்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிச் சுவரைத் தூக்குகிறது. நடுப்பகுதி அசையாமல் இருக்க, ஓரம் மட்டும் ஏறி இறங்கினால் என்ன ஆகும்? சுவர் கீறுகிறது. கதவு நிலையில் இடிக்கிறது.

குடம் வைத்த தூண்

இதற்கு வழி இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கண்ட வழி அது. மண்ணில் ஆழமாகக் குழி துளைக்க வேண்டும். அடியில் குடம் போல அகலமாகக் குடைய வேண்டும். அதில் கம்பி கட்டிக் கான்கிரீட் போட வேண்டும். ஆழமான கரிசலில் இந்தத் தூண் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்க வேண்டும். மழையும் வெயிலும் அதிகம் எட்டாத ஆழம் அது. மேல்மண் ஏறி இறங்கினாலும், அடியில் உள்ள குடம் வீட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும்.

தூண்களை இணைக்கும் உத்திரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விடுவதும் அவசியம். மண் உப்பினாலும் உத்திரத்தை முட்டாது. எனவே வானம் தோண்டும் முன்பே மண்ணைப் பரிசோதித்து, பொறியாளரைக் கேட்பது நல்லது. நிலைவாசலுக்கு ஆகும் செலவைக் குறைத்தாலும், அஸ்திவாரச் செலவைக் குறைக்கக் கூடாது.

கட்டி முடித்தவர்கள் என்ன செய்வது?

கீறலைப் பார்த்த உடனே பூசி மறைக்க வேண்டாம். அதன் குறுக்கே கொஞ்சம் சாந்து அப்பி, தேதியை எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். சாந்து வெடிக்காவிட்டால் சுவர் நிலைத்துவிட்டது. பிறகு பூசிக்கொள்ளலாம். வெடித்து, கீறலும் அகன்றுகொண்டே போனால் பொறியாளரை அழைக்க வேண்டும். விரல் நுழையும் அளவு பிளந்தால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாகச் சிமெண்டுத் தளம் போடுங்கள். மழைத் தண்ணீர் சுவர் ஓரம் தேங்காது. குளியல் அறைத் தண்ணீரைச் சுவர் அடியில் விடாதீர்கள். குழாய்க் கசிவை உடனே அடையுங்கள். நிழலுக்கு வேப்பமரம் வேண்டும்தான். ஆனால் மரம் எவ்வளவு உயரம் வளருமோ, அவ்வளவு தூரம் தள்ளி நடுவது நல்லது. வேர், மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

தண்ணீர் பகையா, உறவா?

சுவர் ஓரம் தேங்கினால் பகையாகும் தண்ணீர், தொட்டியில் விழுந்தால் செல்வம்! வானம் பார்த்த இந்தச் சீமையில், குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்த பெண்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்த மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஓர் ஆண்டில் 70 ஆயிரம் லிட்டருக்கு மேல் மழை விழும். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டில் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. மாடித் தண்ணீரைக் குழாய் வழியே தொட்டிக்குக் கொண்டு போனால், வீட்டுக்குத் தண்ணீரும் ஆச்சு, சுவருக்குக் காவலும் ஆச்சு! தண்ணீரைப் பூமிக்குள் இறக்கும் குழியாக இருந்தால், அதைச் சுவரை விட்டுத் தள்ளித் தோண்ட வேண்டும்.

பால் காய்ச்சிய அன்றே வீடு நிலைத்துவிடுவது இல்லை. ஒரு மழையும் ஒரு வெயிலும் கண்ட பிறகுதான் கரிசலில் வீடு தன் இடத்தில் அமர்கிறது. அதுவரை பொறுமை வேண்டும்.

கீறலைக் கண்டு கலங்கிய அந்த வீட்டுக்காரி, சாந்து அப்பித் தேதி எழுதிவிட்டாள். இனி ஐப்பசி மழை வர வேண்டும்!